சான்று எங்கே, தம்பி?

இந்த மாதப் பயிற்சிப் பக்கத்துக்கு எங்கள் வட்டாரச் செயலாளர் அண்ணன் கொடுத்த தலைப்பு ‘கணினித் துறையும் தமிழும்’. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், இது என்ன பெரிய விஷயம் என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, எனக்கு நேரில் தெரிந்த கணினித் துறை என்பது என் மாமா ஒருவர்தான். அதனால் அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பாட்டி பால்மரம் வெட்டித்தான் இவரைப் படிக்க வைத்தார். 1985இல் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதினார். ஆரம்பத்தில் கோலாலம்பூரில் கோபோல் மொழியில் சம்பளக் கணக்கு நிரல்கள். அப்புறம் பினாங்கு, பாயான் லெப்பாஸ். 1972இல் இன்டெல் அங்கே தொழிற்சாலை போட்ட பிறகு நம் பேராக் பிள்ளைகள் பலரை இழுத்துக்கொண்ட இடம் அது. இப்போது ஓய்வுபெற்று ஈப்போவில் இருக்கிறார்.

மாமாவுக்கு மூன்று பொழுதுபோக்குகள். பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்து மாட்டுவது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பழைய தோட்டத்துக் கோயில்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது இன்னொன்று. மூன்றாவதைப் பல நாள் நான் கவனிக்கவே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்து பத்து மணி வரை தட்டிக்கொண்டிருப்பார். ஷேர் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால், தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அந்த வாக்கியம் கோலகங்சார் ரப்பர் மரத்தைப் பற்றியது. ‘மலேசியாவின் முதல் ரப்பர் மரம்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். மாமா அதை ‘முதலில் நடப்பட்ட மரங்களுள் ஒன்று’ என்று மாற்றினார். “ரெண்டுக்கும் என்ன மாமா பெரிய வித்தியாசம்?” என்று கேட்டேன். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளில் சிலதைப் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் நட்டார்கள். அந்தச் சிலதில் எது முதலில் குழிக்குள் இறங்கியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. “தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதினா அது பக் தம்பி. ஓடும், ஆனா தப்பா ஓடும்” என்றார்.

இந்தப் புத்தி அவருக்கு வேலையில் வந்தது. 1960, 70களில் கணினி நினைவகம் யானை விலை. அதனால் நிரல் எழுதியவர்கள் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் சேமித்தார்கள். 1985 என்றால் வெறும் 85. நூற்றாண்டு முடியப் போகிறது என்றதும்தான் உலகம் விழித்தது, 99க்கு அடுத்து 00 வந்தால் கணினி அதை 1900 என்று எடுத்துக்கொள்ளுமே என்று. மாமா அந்த இரண்டு வருஷமும் எழுதியது குறைவு. வேறு யாரோ எழுதிவிட்டுப் போன நிரலை வரிவரியாகப் படித்ததுதான் அதிகம். எந்த வரியில் தேதி வருகிறது, அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது, யார் கொடுத்தது? 1999 டிசம்பர் 31 ராத்திரி முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாராம். ஒன்றும் நடக்கவில்லை. “ஒன்னும் நடக்காததுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்” என்பார். எந்தத் தேதியைப் பார்த்தாலும் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்கும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

சரி, செயலாளர் அண்ணன் கேட்ட பாடத்துக்கு வருகிறேன். மாமா வேலைக்குச் சேர்ந்த அதே 1985இல், நம் நாட்டில் இன்னொரு பொறியாளர் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். முத்து நெடுமாறன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே முரசையும் வளர்த்தவர். பின்னால் அது முரசு அஞ்சலாகி, மின்னஞ்சலில் தமிழ் எழுத உலகம் முழுக்கப் பலருக்குக் கைகொடுத்தது. 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் செல்லினம் வந்தது, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப. உங்களிடம் ஆப்பிள் கணினி இருந்தால் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘தமிழ் சங்கம் எம்.என்.’, ‘மலையாளம் சங்கம் எம்.என்.’, ‘சிங்களம் சங்கம் எம்.என்.’ என்று வரிசையாக இருக்கும். அந்த ‘எம்.என்.’ முத்து நெடுமாறனின் பெயர் எழுத்துகள். எங்கள் விரிவுரைக் கூடத்தில் ஆப்பிள் கணினி வைத்திருக்கும் சீன நண்பனிடம் இதைக் காட்டினேன். நம்பவில்லை. தேடிப் பார்த்த பிறகு, “உங்க ஆளா?” என்று கேட்டான். அன்றைக்கு முழுக்க நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அவருடைய அப்பா முரசு நெடுமாறன், தமிழாசிரியர், கவிஞர். 1887 முதல் 1987 வரை நூறு வருஷத்து மலேசியத் தமிழ்க் கவிதைகளைப் பழைய பத்திரிகைகளிலும் மலர்களிலும் தேடித் தொகுத்து, 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்று வெளியிட்டவர். அப்பா களஞ்சியம் தொகுத்தார், பிள்ளை அதைத் தட்டெழுத எழுத்து செய்தார். ஒரே வீட்டில் இந்த இரண்டும் நடந்திருக்கிறது.

எழுத்து செய்தது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அதிலே ஒரு சிக்கல் இருந்தது. பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கணினிக்கு எழுத்து என்றால் எண்தான். தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ‘க’வுக்கு ஒவ்வொரு எண்ணைக் கொடுத்திருந்தது. ஈப்போவில் ஒரு எழுத்துருவில் அடித்த கடிதத்தைச் சென்னையில் வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். யூனிக்கோடு வந்த பிறகு தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி நிலையானது. ‘கொ’ என்று அடித்தால் கணினி ‘க’ ஒன்று, ‘ஒ’கரக் குறி ஒன்று என இரண்டு எண்களாகச் சேமிக்கிறது. குறியைப் பிரித்து ‘க’வுக்கு முன்னாலும் பின்னாலும் வைத்துக் காட்டுவது எழுத்துருவும் இயங்குதளமும் சேர்ந்து செய்யும் வேலை. விண்டோஸ் 2000த்தில் லதா எழுத்துருவோடு இந்த வசதி வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. எழுத்து ஒன்றான பிறகுதானே பலபேர் ஒரே பக்கத்தில் எழுத முடியும்!

தொடக்க காலத்தில் அந்தக் களஞ்சியத்தைத் தூக்கி நிறுத்தியவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். தொழிலில் கட்டடக்கலைஞர், அரபு நாட்டில் வேலை. வேலை முடிந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மின்பொறியியல் பேராசிரியர் செ. இரா. செல்வக்குமாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. யாருக்கும் ஒரு காசு சம்பளம் கிடையாது.

நம் ஊர் ஆளும் இதில் உண்டு. ஈப்போவில் இருந்து எழுதும் மலாக்கா முத்துக்கிருஷ்ணன், மலேசிய நண்பன் நாளிதழில் கணினிக் கேள்வி பதில் எழுதியதை வீட்டில் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசியா பற்றி நீங்கள் படிக்கும் ஊர், மாநில, வரலாற்றுக் கட்டுரைகளில் அவர் கை பட்டவை நிறைய. பள்ளிக்கூட இடுபணிக்கு நாம் பாதிப்பேர் அங்கிருந்துதான் ‘எடுத்தோம்’. எழுதியவர் நம் ஊரிலேயே இருக்கிறார் என்று தெரியாமல்!

அச்சுக் காலத்திலும் இதே கதைதான். 1910இல் வந்த அபிதான சிந்தாமணி, சிங்காரவேலு முதலியார் என்ற ஒரு தமிழ்ப் பண்டிதர் பல வருஷம் தனியாகச் சேர்த்தது. புராணத்தில் ஒரு பெயர் யார் என்று தெரியாவிட்டால் நம் சமய வகுப்பு ஆசிரியர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். அவர் முருகன் மேல் கீர்த்தனைகள் பாடியவரும்கூட.

இதையெல்லாம் கேட்டதும் எனக்கும் கை துறுதுறுத்தது. நம் தோட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சரி, நானே எழுதுகிறேன் என்று ஒரு ராத்திரியில் எழுதி ஏற்றிவிட்டேன். ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று தொடங்கி, ‘நூற்றாண்டு கண்ட சக்திவாய்ந்த ஆலயம்’ என்று போய், ‘இங்கு பிறந்தவர்கள் இன்று உலகெங்கும் சிறந்து விளங்குகின்றனர்’ என்று முடித்திருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் கட்டுரை தலையில் ஒரு பட்டை: சான்றுகள் இல்லை, நீக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எங்கோ உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்கு என் பாட்டி பிறந்த இடத்தைப் பற்றி என்ன தெரியும்?

மாமாவிடம் போய்க் கொட்டினேன். அவர் நிதானமாகக் கட்டுரையின் ‘வரலாறு’ பொத்தானை அழுத்திக் காட்டினார். யார், எப்போது, எந்த எழுத்தைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. “நீ கிட் பயன்படுத்துற இல்ல? அதே கதைதான். சாதாரணமா எவனும் எதையும் மறைச்சு அழிக்க முடியாது.” நான் எழுதியதை மணல்தொட்டிக்கு மாற்றினார். புதிதாக எழுதிப் பழகுபவர்களுக்கு விக்கிப்பீடியா கொடுத்திருக்கும் இடம் அது. பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் விரலை வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: “சான்று எங்கே, தம்பி?”

‘எழில் கொஞ்சும்’ போனது. ‘உலகெங்கும்’ போனது. நாற்பது வரியில் நான்கு மிஞ்சியது. மிஞ்சியதில் ஒன்று கோயில்.

இப்போது பாட்டியிடம் போனோம். பாட்டிக்கு வருஷம் தெரியாது. அவருக்கென்று வேறு காலண்டர் இருக்கிறது. “ஜப்பான்காரன் காலத்துல”, “தொரைமார சுட்டப்போ”, “தோட்டத்த துண்டு போட்டப்போ”, “சிவப்பு ஐ.சி. பிரச்சினை வந்தப்போ”. நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. ஒரு தாளில் பாட்டி சொல்லச் சொல்ல எழுதி, பக்கத்தில் எண் போட்டார். ஜப்பான்காரன் என்றால் 1941 கடைசியிலிருந்து 1945 வரை. துரைமாரைச் சுட்டது என்றால் 1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்தில் ஒரு துரையும், பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேரும் ஒரே காலையில் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. துண்டாடல் என்றால் ஐம்பதுகளும் அறுபதுகளின் தொடக்கமும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கையே எழுதியிருக்கிறார். அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அவரும் சுங்கை சிப்புட்காரர்தான்.

“தொரைய சுட்டப்போ நான் ரெண்டாம் வகுப்பு. வாத்தியார் பள்ளிக்கூடத்த சாத்திட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாரு” என்றார் பாட்டி. அப்படியென்றால் பிறந்தது 1940 வாக்கில். ஆனால் அடையாள அட்டையில் 1944 இருக்கிறது. அவசரகாலத்தில் ஆட்களைப் பதிந்தபோது, பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு உத்தேசமாக வருஷம் போட்டது உண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரசாங்க முத்திரை குத்திய தாளைவிட ஒரு கிழவியின் நினைவு துல்லியமாக இருக்கிறது. ஆனால் களஞ்சியத்தில் மேற்கோளாக நிற்பது அந்தத் தாள்தான், அந்த நினைவு இல்லை. இது நியாயமா என்று மாமாவிடம் சண்டை போட்டேன். “நியாயம் இல்லதான்” என்றார். “வெள்ளக்காரனுக்குக் கணக்குப்புள்ள இருந்தான், நமக்கு இல்ல. அதுக்காக ஒவ்வொருத்தரும் எங்க பாட்டி சொன்னாங்கன்னு எழுத ஆரம்பிச்சா, உன் பாட்டிய நம்புறவன் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் நம்பணும்.” எனக்கு இன்றைக்கும் இந்தப் பதில் முழுசாக இறங்கவில்லை. ஆனால் அதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை.

அடுத்த வேலை தேடுவது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து இருக்கிறது. ரப்பர் கம்பெனிகள் லண்டனில் ஆண்டுக் கூட்டம் நடத்தினால் அந்தச் செய்தி இங்கே அச்சாகும்: எத்தனை ஏக்கர் காடு வெட்டினார்கள், எத்தனை ஏக்கரில் கன்று நட்டார்கள், எவ்வளவு பால் இறங்கியது. தேடும்போது ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘சுங்கை’யின் கடைசியில் ‘ஏ, ஐ’ போடமாட்டார்கள், ‘இ, ஐ’ போடுவார்கள். இது தெரியாமல் நான் இரண்டு ராத்திரியை வீணாக்கினேன். இன்னொன்று, தோட்டத்துக்கு இரண்டு பெயர். கம்பெனி வைத்தது ஒன்று, நம் ஆட்கள் பழைய கங்காணி பெயரை வைத்துக் கூப்பிட்டது ஒன்று. பத்திரிகையில் இருப்பது கம்பெனிப் பெயர் மட்டும்தான்.

மூன்றாவது ராத்திரி கிடைத்தது. சின்னச் செய்தி, பத்து வரி. படித்ததும் சந்தோஷத்தில் கத்தினேன். அடுத்த நிமிஷமே வயிற்றில் ஏதோ செய்தது. கம்பெனி அந்த இடத்தில் காட்டை வெட்டத் தொடங்கியதே, நம் கோயில் முகப்பில் ‘தோற்றம்’ என்று எழுதியிருக்கும் வருஷத்துக்கு மூன்று வருஷம் கழித்து!

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, இப்போது அங்கே தாமான் வரப்போவதாகப் பேச்சு. கோயில் நிலம் யார் பெயரிலும் இல்லை. கோயிலின் பழைமைக்கு ஆதாரம் கொடுங்கள் என்று நிலத்துக்காரர் தரப்பில் கடிதம் வந்திருந்தது. நான் கண்டுபிடித்ததை நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் ஐயா எழுந்து நின்றுவிட்டார். “நம்ம கோயில் வயச நீயே கொறைக்கிறியா? படிச்ச புள்ள செய்யுற வேலையா இது?” கூட்டத்தில் யாரும் பேசவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆதாரம் தேடிப் போனவன் அவர்கள் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை.

மாமா சொன்னது இதுதான். “அந்தப் பத்து வரிய நீ ஒருத்தன்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியும்னு நெனைக்கிறியா? அவங்க வக்கீலும் தேடுவான். நாளைக்கு அவன் காட்டும்போது பலகையில தப்புன்னு ஆச்சுன்னா, மத்தது எல்லாமே பொய்யாத்தான் தெரியும்.”

பத்து காஜாவில் இருக்கும் கெல்லீஸ் கோட்டையைப் பற்றிய கட்டுரையைத் திறந்து காட்டினார். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய அந்த மாளிகை முடியவே இல்லை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துவிட்டார். இதற்குச் சான்று இருக்கிறது. வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் ஸ்பானியக் காய்ச்சலில் மாண்டதும், பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழும்பியதும், அதன் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி வைத்த ஒரு துரை நிற்பதும் பலரும் எழுதிய செய்தி. அங்கே ஆவி நடமாடுகிறது என்பதையும் எழுதலாம். ஆனால் ‘நடமாடுகிறது’ என்று எழுதக்கூடாது, ‘ஊர் மக்கள் நம்புகிறார்கள்’ என்று எழுத வேண்டும். யார் சொன்னது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் அது பொய்யாகாது.

கோயில் வருஷம் பற்றிப் பாட்டியிடம் மறுபடியும் கேட்டோம். பாட்டி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், “சாமி அப்போ இங்க எங்க இருந்துச்சு? ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய லயத்துல இல்ல இருந்துச்சு. கம்பி வேலி போட்டு எல்லாரையும் ஒரே எடத்துல கொண்டாந்து வச்சாங்க பாரு, அப்போதான் சாமியத் தூக்கிட்டு வந்தாங்க. எங்க அப்பாதான் சூலத்தப் புடுங்கித் தோள்ல வச்சாரு.”

மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க, சிதறிக் கிடந்த லயங்களை ஒரே வேலிக்குள் கொண்டுவந்தார்கள். பல தோட்டங்களில் நடந்தது. அப்படியானால் இந்தக் கோயிலுக்குத் தேதி ஒன்றில்லை, மூன்று. மரத்தடியில் சூலம் நட்டது ஒன்று, வேலிக்குள் வந்தது ஒன்று, இப்போதிருக்கும் கட்டடம் எழும்பியது ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நிலம் வேறு கம்பெனியுடையதாகக்கூட இருந்திருக்கலாம். அது முன்பே வெட்டிய காடாக இருந்தால் பலகையில் உள்ள வருஷம் சரியாகவும் இருக்கலாம். ‘தோற்றம்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தேதியை அமுக்கி வைத்திருந்தோம். இரண்டு எண்ணுக்குள் வருஷத்தை அமுக்கியவர்களை நான் கிண்டல் செய்திருக்கிறேன்!

பாட்டி சொன்னதை அப்படியே தலைவர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே மோட்டாரில் வீட்டுக்கு வந்து, ஒரு பழைய மைலோ டின்னைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே எழுபதுகளில் நடந்த கும்பாபிஷேக மலர். கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. பாதி விளம்பரம்: மளிகைக்கடை, சைக்கிள் கடை, தையற்கடை. நடுவில் ஒன்றரைப் பக்கம் ஆலய வரலாறு. அதில் சூலம் ஆற்றைக் கடந்து வந்த கதை இருக்கிறது. பாட்டியின் அப்பா பெயர் இல்லை, ‘தொண்டர் சிலர்’ என்று இருக்கிறது. தோன்றிய வருஷமும் இருக்கிறது. பலகையில் உள்ள வருஷம் இல்லை, அதற்கு நான்கு வருஷம் பிந்தியது. மாமா மலரை மூடிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மணல்தொட்டியில் இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ஆலயத்தின் முகப்புப் பலகை இன்ன ஆண்டைக் குறிக்கிறது, கும்பாபிஷேக மலர் இன்ன ஆண்டு என்கிறது, அவசரகாலத்தில் பழைய குடியிருப்பிலிருந்து இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டதாக அதே மலர் கூறுகிறது. மூன்று வாக்கியம்தான். எட்டு மாதம் பிடித்தது. நிர்வாகம் நிலத்துக்காரருக்கு எழுதிய பதிலிலும் இதே மூன்று வாக்கியம் போயிருக்கிறது, மலரின் நகலோடு. பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் ஒரு கோயில் தனிக் கட்டுரையாக நிற்க ஒரு மலர் போதாது. நடுநிலையான வேறு சான்றும் வேண்டும். ‘என் கட்டுரை நம் இதழில் அச்சாகுமே, அதையே மேற்கோளாகப் போட்டுவிடலாமா?’ என்று கேட்டேன். “நீயே எழுதி நீயே சான்று காட்டினா, உன் நிரல நீயே சோதிச்சு பாஸ் போட்ட மாதிரி” என்று மாமா கையை ஆட்டிவிட்டார். வேறு யாராவது எழுதினால் உண்டு.

அதனால் ஒரு வேண்டுகோள். சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள் வீட்டில் பரண்மேல், சாமி அறை அலமாரியில், டின்னுக்குள் பழைய கும்பாபிஷேக மலர், திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், தமிழ் நேசன் நறுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. வீட்டில் கிடக்கும் நறுக்கை இனி யாரும் மறுபடி அச்சடிக்கப் போவதில்லை. கிடைத்தால் அட்டை, அச்சகப் பெயர் இருக்கும் பக்கம், வரலாறு உள்ள பக்கம் மூன்றையும் வெளிச்சமான இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். முழு மலரையும் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள், பதிப்புரிமை இருக்கிறது. மேற்கோள் காட்ட அந்த மூன்று பக்கம் போதும். உங்கள் வட்டாரப் பேரவையில் கொடுத்தால் எங்களுக்கு வந்து சேரும். பாட்டி தாத்தா இருந்தால், வருஷம் கேட்காதீர்கள். துரையைச் சுட்டபோது எத்தனையாம் வகுப்பு என்று கேளுங்கள்.

நேற்று மாமா மறுபடியும் அந்த மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் கடை விளம்பரத்துக்குக் கீழே ஒரு படம், ஆற்றோரம் ஒரு மரம், அதன் கீழே கல். படத்துக்கு விளக்கம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதாக இருக்கிறோம்.